பலகையில் இல்லாத விலை பில்லில் எதற்கு?

நாமக்கல் முட்டை விலை நாட்டுக்கே தெரியும்.

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு விலை சொல்கிறது. அது பைசா சுத்தமாகப் பத்திரிகையில் வருகிறது. 5 பைசா ஏறினாலும் செய்தி. 5 பைசா இறங்கினாலும் செய்தி. மோகனூர் பண்ணைக்காரருக்கும் தெரியும். சென்னை வியாபாரிக்கும் தெரியும்.

ஆனால், அதே முட்டையை உடைத்து, வெங்காயம் நறுக்கிப் போட்டு, கல்லில் ஊற்றி எடுத்தால்..?

ஆம்லெட் என்ன விலை? கலக்கி என்ன விலை? ஆஃபாயில் என்ன விலை?

பல ஓட்டல்களில் அது சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கல்லாவுக்கு வந்த பிறகுதான் தெரியும்!

சேலம் சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போங்கள். அம்மாப்பேட்டைக்குப் போங்கள். தாதகாப்பட்டிக்குப் போங்கள். கத்தரிக்காய் என்ன விலை, தக்காளி என்ன விலை என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். 1999-ல் உழவர் சந்தை தொடங்கிய காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

பெட்ரோல் பங்க்கில் பைசா வரை விலை தெரிகிறது. ரேஷன் கடையில் பலகை இருக்கிறது. அம்மா உணவகம் 2013-ல் வந்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று ஊருக்கே சொல்லி விற்றார்கள்.

அரிசிக்கு விலை தெரிகிறது. பருப்புக்கு விலை தெரிகிறது. அவை சோறாகி, சாம்பாராகி, இலைக்கு வந்தவுடன் விலை எங்கே ஓடி ஒளிகிறது?

இதுதான் நமது கேள்வி.

யாருக்கு வலிக்கிறது?

கார் வைத்திருப்பவருக்கு 40 ரூபாய் கூடுதலாக வந்தால் அது ஒரு விஷயம் இல்லை. பில்லைப் பார்க்காமலே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் இது தறி ஓடும் பூமி. லாரி ஓடும் பூமி.

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டும் தொழிலாளி, வாரச் சம்பளம் வாங்கிய அன்று பெண்டாட்டி பிள்ளைகளோடு ஓட்டலுக்கு வருகிறார். இவ்வளவுதான் செலவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறார். 'ரெண்டு பேருக்குப் பரோட்டா, பையனுக்கு ஒரு ஆம்லெட், அவ்வளவுதான்' என்பது அவர் கணக்கு.

லாரி டிரைவருக்குக் கிடைப்பது அளந்த படி. அதில் மிச்சம் பிடித்தால்தான் வீட்டுக்குப் பணம். வேளைக்கு 30 ரூபாய் கூடுதலாகப் போனால், 3 வேளைக்கு 90 ரூபாய். 10 நாள் நடையில் 900 ரூபாய். பிள்ளைக்குச் செருப்பும் பையும் வாங்கும் காசு அது!

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள்.. இவர்கள் எல்லாம் ஆசைக்காக ஓட்டலுக்கு வருகிறவர்கள் அல்ல. வேறு வழி இல்லாமல் வருகிறவர்கள். திரும்பிப் போகப் பஸ்ஸுக்குக் காசு எடுத்து வைத்துவிட்டு, மீதியில் சாப்பிடுகிறவர்கள்.

இவர்களுக்கு விலை முன்னால் தெரிந்தால், தாங்கும் என்றால் சாப்பிடுவார்கள். தாங்காது என்றால் அடுத்த கடைக்குப் போவார்கள். சாப்பிட்ட பிறகு தெரிந்தால்? சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

சரி, முன்னாலேயே கேட்க வேண்டியதுதானே என்று சிலர் சொல்வார்கள்.

கேட்கலாம். ஆனால் பக்கத்து மேஜையில் நாலு பேர் பார்ப்பார்கள். கூட வந்த மச்சான் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம். 'ஏங்க, இதெல்லாமா கேட்டுட்டு இருப்பீங்க..' என்று வீட்டுக்காரம்மா முழங்கையால் இடிப்பார். இந்தக் கூச்சம்தான் சில கடைகளுக்கு முதலீடு!

விலை மறைவது எப்படி?

ஒரே வழியில் அல்ல. பல வழி.

முதலாவது, வாய் மெனு. பலகையில் இட்லி, தோசை, பரோட்டா, சாப்பாடு என்று நாலு அயிட்டத்துக்கு விலை இருக்கும். சர்வர் வந்து, 'அண்ணா, பள்ளிபாளையம் சிக்கன் சூடா இருக்கு, வைக்கட்டுங்களா?' என்பார். அந்த அயிட்டம் பலகையில் இருக்காது. தலையை ஆட்டினால் தீர்ந்தது.

இரண்டாவது, அளவு. சாப்பாடு என்று எழுதியிருக்கும். அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்று எழுதியிருக்காது. இரண்டாம் தடவை சோறு கேட்டால் அது தனி. பரோட்டாவுக்குச் சால்னா ஒரு கடையில் சும்மா, ஒரு கடையில் காசு. காசு வாங்குவது தப்பு இல்லை. சொல்லாமல் வாங்குவதுதான் தப்பு.

மூன்றாவது, பார்சல். டப்பாவுக்குக் காசு, கவருக்குக் காசு. தோசைக்கு ஒரு விலை என்று நினைத்து வாங்கினால், வேறு விலையில் பில் வருகிறது. 

நான்காவது, ஏ.சி. ரூம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், அதே தோசைக்கு வேறு விலை. அந்தக் கதவில் ஒரு வரி எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஐந்தாவது, தண்ணீர். உட்கார்ந்தவுடன், 'பாட்டில் தண்ணிங்களா, சாதா தண்ணிங்களா?' என்று கேட்கிறார்கள். சில இடத்தில் கேட்பதுகூட இல்லை. மூடியைத் திருகித் திறந்தே வைத்துவிடுகிறார்கள். திறந்த பாட்டிலை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஆறாவது, வரி என்ற பெயரில் வருவது. இதைத் தனியாகப் பார்ப்போம்.

வீட்டில் உட்கார்ந்து செல்போனில் ஆர்டர் போடுகிறவர்களும் தப்பவில்லை. ஓட்டலில் ஒரு விலை, செல்போனில் ஒரு விலை. அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்பாரக் கட்டணம் என்று வரிசை. 2023-ல் பிளாட்பாரக் கட்டணம் தொடங்கியபோது 2 ரூபாய். 'ரெண்டு ரூபாய்தானே' என்று யாரும் கேட்கவில்லை. 2024-ம் ஆண்டு முடிவதற்குள் அது 10 ரூபாயைத் தொட்டது. கேட்காத காசு வளரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

5 சதவீதக் கணக்கு

பில்லில் ஜி.எஸ்.டி. என்று போட்டால், அது சர்க்கார் காசு என்று மக்கள் பேசாமல் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் யாருக்கு, எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது, ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஓட்டலுக்கு 18 சதவீதம் என்று வைத்தார்கள். நாடெங்கும் கூச்சல் எழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இப்போது சாதாரண ஓட்டலில் ஏ.சி. இருந்தாலும் 5 சதவீதம்தான். இல்லாவிட்டாலும் 5 சதவீதம்தான். அதாவது மத்திய சர்க்காருக்கு இரண்டரை, மாநில சர்க்காருக்கு இரண்டரை. பெரிய நட்சத்திர ஓட்டல்களின் கதை வேறு. ஆகவே 'ஏ.சி.க்கு வரி அதிகம் சார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது.

ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் வரை வியாபாரம் செய்யும் ஓட்டல்களுக்குக் காம்போசிஷன் என்ற சலுகை முறை இருக்கிறது. கணக்கு வழக்கு சுலபம். அதில் சேர்ந்தவர்கள் தங்கள் கையிலிருந்து வரி கட்ட வேண்டும். சாப்பிடுகிறவரிடம் வரி என்று தனியாக ஒரு பைசாகூட வாங்கக் கூடாது! வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர் என்று பில்லின் தலைப்பிலேயே அவர்கள் அச்சடிக்க வேண்டும். கடையிலும் எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே பில்லில் வரி போட்டிருந்தால், முதலில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பாருங்கள். 15 இலக்கம். தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். எண்ணே இல்லாத பில்லில் வரி இருந்தால், அது வரி அல்ல. அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால், அந்தக் கடை சாதாரண முறையா, காம்போசிஷன் முறையா என்று காட்டிவிடும். கல்லூரி போகும் பிள்ளை இருந்தால் ஒரு நிமிட வேலை.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமா?

இது நமது பஸ் நிலைய ஓட்டல்களில் இல்லை. கொஞ்சம் பெரிய இடங்களில் உண்டு. பில்லின் அடியில் 5 சதவீதம், 10 சதவீதம் என்று சேர்த்துவிடுகிறார்கள்.

1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் சர்வீஸ் சார்ஜ் 100 ரூபாய். அந்த 1,100-க்கும் சேர்த்து 5 சதவீத வரி 55 ரூபாய். மொத்தம் 1,155 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 1,050 ரூபாயோடு வேலை முடிந்தது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி தெளிவாகச் சொன்னது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்காதவரை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லக் கூடாது. பில்லோடு சேர்த்து அதற்கும் வரி போடக் கூடாது.

ஓட்டல் சங்கங்கள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயின. அந்த மாதமே இடைக்காலத் தடை வாங்கின. சுமார் 3 ஆண்டு இழுத்தது. 2025 மார்ச் 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆணையம் சொன்னது சரிதான் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களும் தலா 1 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவு போட்டது.

சங்கங்கள் அப்பீல் செய்தன. 2025 ஆகஸ்டில் அந்த விசாரணையில் நீதிபதிகளே கேட்டார்கள்: 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு 100 ரூபாய் வாங்குகிறீர்கள். அந்தக் கூடுதல் காசு எதற்கு? அதுவே சேவைக்குத்தான் என்றால், மேலே இன்னொரு சர்வீஸ் சார்ஜ் ஏன்?

படித்தவர், படிக்காதவர் எல்லோர் மனசிலும் இருக்கும் கேள்விதான் அது.

பரிமாறிய தம்பிக்கு 5 ரூபாயோ 10 ரூபாயோ கொடுப்பது நம்ம ஊர்ப் பழக்கம். வயிறும் மனசும் நிறைந்து கொடுக்கும் காசு. அது அவர் சட்டைப் பைக்குப் போகிறது. பில்லில் சேர்க்கும் காசு யார் பைக்குப் போகிறது?

தண்ணீர் பாட்டில் தகராறு

இதில் மக்கள் ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டிக் கடையிலோ, பஸ் நிலையக் கடையிலோ பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். 'கூலிங் சார்ஜ்' என்று ஒன்று சட்டத்தில் கிடையாது.

ஆனால் ஓட்டலில் மேஜையில் உட்கார்ந்து குடிக்கும் பாட்டில் வேறு. அங்கே வெறும் விற்பனை மட்டும் இல்லை, இடமும் சேவையும் சேர்ந்திருக்கிறது என்று சுப்ரீம் கோர்ட்டு 2017 டிசம்பர் 12-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. ஆகவே அங்கே அச்சடித்த விலைக்கு மேல் வாங்குவதை அந்தச் சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாது.

அப்படியானால் என்ன பொருள்? கூடுதலாக வாங்கலாம் என்றால், கூடுதலாக வாங்கப் போகிறோம் என்று முன்னாலேயே சொல்ல வேண்டியது இரண்டு மடங்கு அவசியம் ஆகிறது! அச்சடித்த விலையைப் பார்த்து ஒருவர் மூடியைத் திறக்கிறார். அவருக்குத் தெரிந்த விலை அதுதான். பில்லில் வேறு விலை போட்டால் அது ஏமாற்று இல்லாமல் வேறு என்ன?

சாதா தண்ணீரைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொண்டு வந்து வைப்பதும் ஓட்டல்காரர் கடமை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிறகு சாப்பாடு வைத்த ஊர் இது.

ஊறுகாய்க்கு 35 ஆயிரம்!

சின்னக் காசுக்கு யார் அலைவார்கள் என்று சில கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் விழுப்புரம் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

2022-ம் ஆண்டு அங்கே ஒருவர் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒரு சாப்பாடு 80 ரூபாய். மொத்தம் 2,000 ரூபாய். இன்னின்ன கொடுப்போம் என்று கடைக்காரர் சொல்லியிருந்த 11 வகையில் ஊறுகாயும் ஒன்று.

பிரித்துப் பார்த்தால் ஊறுகாய் இல்லை!

ஊறுகாய் ஒன்று 1 ரூபாய் என்று வைத்து, 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். கடைக்காரர் தர மறுத்தார். அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்.

2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மன உளைச்சலுக்கு 30 ஆயிரம், வழக்குச் செலவுக்கு 5 ஆயிரம். மொத்தம் 35 ஆயிரம் ரூபாய் அந்த ஓட்டல் கொடுக்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது.

25 ரூபாய் எங்கே, 35 ஆயிரம் எங்கே! அன்றைக்கே 'தப்பு நடந்துபோச்சுங்க' என்று சொல்லி 25 ரூபாயை எடுத்துக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

அந்த வழக்கில் ஒரு பாடம் இருக்கிறது. என்ன கொடுப்போம், என்ன விலை என்று முன்னால் சொன்ன சொல் இருந்ததால்தான் அவரால் கேட்க முடிந்தது. சொல்லே இல்லாத இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? பலகை இல்லாத கடைக்காரருக்கு இது தெரியும்.

ஓட்டல்காரர் சொல்லும் நியாயம்

ஓட்டல்காரர் நமக்கு எதிரி அல்ல. விடியற்காலை 3 மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கிறவர். அவர் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும்.

கடை சிலிண்டர் விலை மாதா மாதம் 1-ந் தேதி மாறுகிறது. எண்ணெய் விலை நிலையாக இல்லை. லீபஜாரில் பருப்பு விலை ஏறுகிறது. தக்காளி ஒரு வாரம் காலில் மிதிபடுகிறது, மறுவாரம் கைக்கு எட்டுவதில்லை. வாடகை, கரண்ட், ஆள் கூலி.. எல்லாம் உண்மை.

'தினமும் பலகையை அழிச்சு அழிச்சு எழுத முடியுமா?' என்று கேட்கிறார்கள்.

உழவர் சந்தையில் தினமும் எழுதுகிறார்களே! ஒரு கரும்பலகை, ஒரு சாக்கட்டி. இதற்கு மேல் என்ன செலவு?

விலையை ஏற்றாதே என்று நாம் சொல்லவில்லை. ஏற்று! தாராளமாக ஏற்று. ஆனால் எழுதிவிட்டு ஏற்று. 'இன்று முதல் ஆம்லெட் இவ்வளவு' என்று எழுதி வைத்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

இதில் உண்மையில் நஷ்டப்படுகிறவர் யார் தெரியுமா? நேர்மையான ஓட்டல்காரர்தான்!

எப்படி என்று பாருங்கள். ஒரே தெருவில் இரண்டு கடை. ஒருவர் எல்லாச் செலவையும் சேர்த்து, சாப்பாடு 100 ரூபாய் என்று பலகையில் எழுதுகிறார். அடுத்தவர் 85 ரூபாய் என்று எழுதிவிட்டு, அப்பளத்துக்கு 5, தண்ணீருக்கு 10, வரி என்று 5 போட்டு 105 ரூபாய் வாங்குகிறார். ஊருக்குப் புதிதாக வந்தவர் எந்தக் கடைக்குப் போவார்? 85 ரூபாய்க் கடைக்குத்தான்!

உண்மையைச் சொன்னவர் கடை காலி. மறைத்தவர் கடையில் கூட்டம். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நேர்மையானவரும், 'ஊரோட ஒத்துப் போவோம்' என்று பலகையை இறக்கிவிடுவார். பிறகு தெரு முழுவதும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

ஆகவே எல்லாக் கடையும் எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடு, சாப்பிடுகிறவரை மட்டும் காப்பாற்றுவது அல்ல. நல்ல கடைக்காரரையும் காப்பாற்றுவது.

இதை நாமக்கல் பண்ணைக்காரர்களிடம் கேட்டால் நன்றாகச் சொல்வார்கள். அறிவித்த விலை ஒன்று இருக்க, 'மைனஸ்' என்று சொல்லி வியாபாரிகள் குறைத்து எடுத்ததை எதிர்த்துப் பல காலம் குரல் கொடுத்தவர்கள் அவர்கள். சொன்ன விலை ஒன்று, கைக்கு வருவது ஒன்று என்றால் எப்படி வலிக்கும் என்பது இந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

அக்கரையிலும் இதே கதை

இது நம்ம ஊரில் மட்டும் இருக்கும் வியாதி அல்ல.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். பல ஓட்டல்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். ஒன்று 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். மற்றொன்று ஜி.எஸ்.டி. அது 2024 முதல் 9 சதவீதம். 100 வெள்ளி என்று எழுதியிருந்தால், பில் 119 வெள்ளி 90 காசு! ஆனாலும் அங்கே கூட்டல் குறியாவது போடுகிறார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், முதலில் ஒரு விலை சொல்லிக் கடைசியில் வேறு கட்டணம் சேர்ப்பதை 2024 ஜூலை 1 முதல் தடை செய்தது. ஓட்டல்காரர்கள் ஓடி வந்து கடைசி நேரத்தில் விலக்கு வாங்கிவிட்டார்கள். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. எந்தக் கட்டணமாக இருந்தாலும் மெனுவிலேயே தெளிவாக எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள்.

நாம் கேட்பதும் அந்த அளவுதான்.

என்ன செய்ய வேண்டும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலையைத் தெரிந்துகொள்வது மக்கள் உரிமை என்று சொல்கிறது. விலைப்பட்டியலில் காட்டிய விலைக்கு மேல் வாங்கினால் புகார் செய்யலாம் என்று சொல்கிறது. பில் கொடுக்காமல் இருப்பதையும் முறையற்ற வியாபாரம் என்று சொல்கிறது.

ஏட்டில் இருக்கிறது. சுவரில் இல்லை! அதுதான் குறை.

சேலம், நாமக்கல் மாவட்ட நிர்வாகங்களுக்கு நமது கோரிக்கை இதுதான். ஓட்டல் வாசலில், உள்ளே வருவதற்கு முன்னால் தெரியும்படி, தமிழில், பெரிய எழுத்தில் விலைப்பலகை வைக்கச் சொல்லுங்கள். அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்று அதில் இருக்க வேண்டும். பார்சலுக்கு எவ்வளவு, ஏ.சி. ரூமுக்கு எவ்வளவு, தண்ணீர் பாட்டில் எவ்வளவு என்று இருக்க வேண்டும். வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் பஸ் நிற்கும் ஓட்டல்களை முதலில் பாருங்கள். அங்கே பயணிக்கு வேறு வழியே இல்லை. பஸ் நிற்பது கொஞ்ச நேரம். சுற்றிலும் பொட்டல். பச்சைக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்றால் சொன்ன விலைதான். பஸ்ஸை நிறுத்த அனுமதி கொடுக்கிறவர்கள், விலைப்பலகை இல்லாத இடத்தில் நிறுத்தக் கூடாது என்று டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உத்தரவு போடட்டும். பலகை ஒரே வாரத்தில் வந்துவிடும்!

ஓட்டல் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகாரி வந்து சொல்லும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? எங்கள் சங்கக் கடையில் பலகையில் இல்லாத காசு பில்லில் வராது என்று நீங்களே ஒரு தீர்மானம் போடுங்கள். மக்கள் உங்கள் கடையைத் தேடி வருவார்கள்.

மக்களும் கொஞ்சம் மாற வேண்டும்.

இலையில் உட்காரும் முன் விலையைக் கேளுங்கள். அது கஞ்சத்தனம் அல்ல. உழைத்த காசுக்குக் கணக்குக் கேட்பது அது. புடவைக் கடையில் பத்துப் புடவையைப் பிரித்து விலை கேட்கிறோம். வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து விலை கேட்கிறோம். ஓட்டலில் மட்டும் என்ன கூச்சம்?

வேண்டாத பாட்டிலைத் திறக்கும் முன், 'சாதா தண்ணி குடு தம்பி' என்று சொல்லுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அயிட்டம் வாரியாகக் கேளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் பில்லில் போட வேண்டும். 14 இலக்கம். அது இருக்கிறதா என்று பாருங்கள்.

தகராறு வந்தால் சத்தம் போட வேண்டாம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பலகையைச் செல்போனில் ஒரு படம் எடுங்கள். 1915 என்ற நம்பருக்குப் போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையம் அது. தமிழிலும் பேசலாம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். கடையில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவுக்குச் சொல்லலாம்.

அதற்கும் மேலே என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் சேலத்திலும் இருக்கிறது, நாமக்கல்லிலும் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும்.

நூறு பேர் கேட்டால் பத்துக் கடையில் பலகை வரும். ஆயிரம் பேர் கேட்டால் ஊர் முழுவதும் வரும்.

சோறு போடுவது பெரிய தொழில். புண்ணியமும் உண்டு, லாபமும் உண்டு. இரண்டையும் ஓட்டல்காரர் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

விலையை மட்டும் வாசலில் எழுதி வைக்கட்டும்!